நான் நாலு வரை எண்ணிய திங்கட்கிழமை

செவ்வாய்க்கிழமை மதியம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் உன் கையெழுத்தைப் பார்த்தேன். நம் லேபில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அந்தச் சாமான் அறையில்தான். பெருந்தொற்றுக் காலத்துத் தாள்களை வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை லாரி வரும், எல்லாவற்றையும் அரைக்கக் கொடுத்துவிட வேண்டும், அதற்குமுன் பெட்டிகளைத் திறந்து பட்டியல் போடு என்று மேனேஜர் என்னிடம் சாவியைக் கொடுத்தார். பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை. கை தோல் உரியும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தோமே, அந்த ஸ்பிரிட் வாசனை, இத்தனை வருடம் தாளுக்குள் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

அந்தத் திங்கட்கிழமைத் தாளை நான் தேடவில்லை. தேடாமல் இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் உன் மூக்கில் எடுத்த மாதிரியின் எண் எனக்கு மனப்பாடம். அது தானாகக் கண்ணில் பட்டது. அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில் உன் நீலப் பேனாவால் ஓர் R எழுதியிருந்தாய். திரும்ப எடுக்க வேண்டும் என்பதற்கு நாம் போடுகிற எழுத்து. அதன்மேல் ஒரு கோடு கிழித்து அடித்திருந்தாய். பக்கத்தில் உன் சுருக்கொப்பம்.

தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். லேபிலிருந்து ஒரு துண்டுத் தாளைக்கூட வெளியே கொண்டு போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். இன்று ஞாயிறு. அந்தத் தாளோடு சிம்பாங் அம்பாட்டில் உன் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். அங்கே என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். அதற்குமுன் உன்னோடு கொஞ்சம் சண்டையும் போட வேண்டும்.

நாம் இருவரும் ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அறிவியலில் நீ, அரட்டையில் நான் என்று ஆசிரியரே பிரித்து வைத்திருந்தார். நீ மேலே படித்து லேபில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாய். நான் ஊசி குத்தக் கற்றுக்கொண்டு வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து வருகிறவள் ஆனேன். தொற்று வந்தது. ஊசி போய், மூக்குக்குள் விட்டு எடுக்கிற குச்சி வந்தது. காலையில் ஐஸ் கட்டிப் பெட்டியை லேபின் காடியில் ஏற்றி ஓட்டிக்கொண்டு கிளம்பினால், போலீஸ்காரரையும் என்னையும் தவிர ஜார்ஜ்டவுன் சாலையில் ஆள் இருக்காது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. யாரோ ஊரின் வாயைப் பொத்தி வைத்திருப்பது போல இருக்கும்.

சுங்கை பினாங் பிளாட்டுகளுக்குப் போகிற நாள்தான் மோசம். அங்கே ஓர் அக்கா, என்னை நர்ஸ் என்று நினைத்து, நான் கிளம்புவதற்கு முன்பே ஃபோன் பண்ணுவார். "மிஸ்ஸி, அந்த வெள்ளை உடுப்பக் கீழேயே மாட்டிக்கிட்டு வந்துடாதீங்க. வீட்டுக்குள்ள வந்து மாட்டிக்குங்க. உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியாது லா." அவருக்காக ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில், குப்பை போடுகிற துவாரத்துக்குப் பக்கத்தில் நின்று உடுப்பு மாட்டிக்கொள்வேன். மாட்டிக்கொண்டு நடந்தால் இரண்டு பக்கமும் கம்பிக் கதவுக்குப் பின்னால் கண்கள். அடுத்த வாரம் அதே மாடிக்குப் போனால் ஒரு வீடு பூட்டியிருக்கும். செருப்புகள் மட்டும் வாசலில் அப்படியே கிடக்கும். எங்கே போனார்கள் என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

சிரிக்கவும் சில நாள் இருந்தது. பழைய கடைவீட்டில் தனியாக இருந்த அந்தச் செட்டியார் பெரியவரை நினைவிருக்கிறதா? காய்ச்சல், இருமல், கண்ணெல்லாம் சிவப்பு. ஆனாலும் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் குச்சியைத் தொட விடவில்லை. "ராகு காலம்மா. பன்னெண்டு அடிக்கட்டும். மூக்கு எங்கயும் போயிடாது" என்றார். வெள்ளை உடுப்போடு வாசலில் வேர்த்து வழிய உட்கார்ந்துகொண்டு உன்னைக் கூப்பிட்டுப் புலம்பினேன். நீ அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்து இருமினாய். "கிருமிக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அவருக்காச்சும் தெரியுதே, உக்காந்திரு" என்றாய். அவருக்குத் தொற்று இருந்தது. பிழைத்தும்விட்டார். ராகு காலம் பார்த்ததால்தான் என்று போன தைப்பூசத்தில் என்னிடம் சொன்னார்.

மெஷின் திரையில் ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு கோடு மேலே எழும் என்று சொல்வாய். ஒன்று கிருமிக் கோடு. இன்னொன்று ஆள் கோடு. மூக்குக்குள்ளிருந்து குச்சியில் ஒட்டி வருகிறதே, அந்த ஆளின் சொந்தச் செல், அதற்கு எழுகிற கோடு. ஆள் கோடு நேரத்தோடு எழுந்தால்தான் கிருமிக் கோடு எழாததற்கு அர்த்தம் உண்டு. ஆள் கோடு தாமதித்தால் குச்சியில் போதிய அளவு எதுவும் வரவில்லை. அதை வைத்துக்கொண்டு தொற்று இல்லை என்று எழுதக் கூடாது. ஆளைக் கூப்பிட்டுத் திரும்ப எடுக்க வேண்டும்.

என் குச்சிகளில்தான் ஆள் கோடு அடிக்கடி தாமதித்தது. எனக்குக் கை மெத்து. குச்சியை ஆழமாக விட்டு, பத்து எண்ணும்வரை திருப்ப வேண்டும் என்பது விதி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டால் என் கை தானாகப் பின்வாங்கிவிடும். "பூப்போல எடுக்கிற மிஸ்ஸி" என்று வீட்டுக்காரர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். எனக்கு அதில் பெருமை. நீயோ ஃபோனில் பிடித்துக்கொள்வாய். "குச்சியில ஆளே இல்லடி. மூக்கத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்துட்டியா? திரும்பப் போ." முனகிக்கொண்டே திரும்பப் போவேன். சின்னச் சின்னப் பிள்ளைகள் இரண்டாம் முறை என்னைக் கண்டதும் ஓடி ஒளியும். ஆனால் உன் கையைத் தாண்டி ஒரு தப்பான முடிவு வெளியே போனதில்லை. லேபில் எல்லாருக்கும் அது தெரியும்.

திரும்ப எடுக்கிற ஒவ்வொன்றும் எடுத்தவர் பெயரில் ஏறும் என்று மேனேஜர் ஒரு பட்டியல் வைத்தார். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கினேன். மூன்றாவது வந்தால் வேலை இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஹோட்டலில் வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்தது. இரண்டாவது கடிதத்தை உன்னிடம்தான் முதலில் காட்டினேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தாய். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதை அன்றைக்கு உன் கல்மனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். வாராவாரம் திங்கள் காலை லேபில் எல்லாருக்கும் எடுப்போம். பின்படியில் காற்றோட்டமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உன்னோடு மெஷினில் உட்கார்கிற இரண்டு பேரும் அந்த வாரம் தனிமையில் இருந்தார்கள், மெஷினில் நீ மட்டும்தான், உன் குச்சியையும் நீயேதான் பார்க்க வேண்டும். கடைசியாக வந்து உட்கார்ந்தாய். முந்தின வாரம் வேறொருத்தி எடுத்து உனக்கு மூக்கில் இரத்தம் வந்து, முகக்கவசம் நனைந்துவிட்டது. "இன்னிக்கு நீயே எடு. அவ கையில என்னக் குடுக்காதே" என்றாய். சொல்லும்போது தொண்டையைச் செருமினாய். என்ன என்றேன். "ஏர்கோன் லா. நாள் முழுக்க மெஷினோட சேர்ந்து நானும் விறைச்சுப் போறேன்" என்றாய். நானும் தலையாட்டினேன். அந்தச் செருமலை நான் எத்தனை முறை திரும்பக் கேட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

குச்சியை விட்டேன். உன் இடது கண் ஓரத்தில் தண்ணீர் திரண்டது. என் மணிக்கட்டைப் பிடித்தாய். தெரியாத ஆட்களுக்கே எட்டு வரையாவது போகிறவள் நான். உனக்கு நாலு வரை எண்ணினேன். எடுத்துவிட்டேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"கைன்னா உன் கைதான்டி" என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உனக்கு வலிக்காமல் எடுத்துவிட்டேன் என்று.

மதியம் நான் காடியில் இருந்தபோது நீ கூப்பிட்டாய். "இன்னிக்கு ஸ்டாஃப் குச்சி எல்லாம் நல்லா இருக்கு. ஒருத்தரக்கூடத் திரும்பக் கூப்பிட வேணாம். இப்படியே எடு" என்றாய். நீ என்னைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை. திரும்பி வரும்போது உனக்குப் பிடிக்கும் என்று சூடாகக் கறிபாப் வாங்கி வந்து லேப் வாசலில் வைத்தேன். சாயங்காலம் உன் முடிவு வந்தது. தொற்று இல்லை. நான் அண்ணன் என்று கூப்பிடுகிற உன் வீட்டுக்காரருக்கும் அதை அனுப்பினாய். வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கு என்று நானே உனக்குச் செய்தி போட்டேன்.

புதன்கிழமை, அண்ணனோடு துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிற ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தது. வியாழன், அண்ணனுக்கு இருமல். வெள்ளி, உனக்குக் காய்ச்சல். சனிக்கிழமை காலை கூப்பிட்டு, "கோப்பியில வாசனையே வரலடி" என்றாய். உன் குரலில் பயத்தை அன்றுதான் முதலில் கேட்டேன். அன்றைக்கு உங்களுக்கு எடுக்க வேறொருத்தியை அனுப்பினார்கள். உனக்கும் அண்ணனுக்கும் இருந்தது. உன் மகளுக்கு இல்லை. உனக்குப் பதிலாக வேறு கிளையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், உன் கிருமிக் கோடு ரொம்பச் சீக்கிரம் எழுந்துவிட்டது, உடம்பில் நிறைய ஏறியிருக்கிறது, நேற்று இன்று வந்தது போலத் தெரியவில்லை என்று. அப்படியென்றால் திங்கட்கிழமையே இருந்திருக்க வேண்டும். ஆனால் உடனே ஒரு சமாதானம் பிடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை குச்சி சரியில்லாமல் இருந்திருந்தால் நீ கண்டுபிடித்திருப்பாய். நீ விட்டிருக்க மாட்டாய். நாலு வருடமாக என்னைத் தூங்க வைத்தது அந்த ஒரே நம்பிக்கைதான்.

மருத்துவமனையில் பதினொரு நாள். இரண்டாவது தடுப்பூசிக்கு உனக்கு நாள் கொடுத்திருந்தார்கள், அந்த நாள் நீ கட்டிலில் இருந்தாய். ஐந்தாம் நாள் ஒரு குரல் செய்தி அனுப்பினாய். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாய். "மூக்குல குழாய் வெச்சிருக்காங்க. நீ வெச்சிருந்தா இவ்ளோ வலிக்காது." அதற்குப்பிறகு உன் குரல் இல்லை.

சுடலைக்கு வீட்டிலிருந்து யாரும் வர முடியவில்லை. அண்ணன் கீழே ஓர் அறையில், பிள்ளை மாடியில், இருவரும் தனிமையில். நான்தான் போனேன். வெள்ளை உடுப்பு போட்ட நாலு பேர் உன்னை இறக்கினார்கள். பிளாஸ்டிக் சுற்றி, பட்டை ஒட்டி, எண் எழுதி. நாம் டியூபுக்கு ஒட்டுகிற அதே மாதிரிப் பட்டை. தள்ளி நின்று ஃபோனைத் தூக்கிப் பிடித்து அண்ணனுக்குக் காட்டினேன். அவர் அழவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "மன்னிச்சிரு. நான்தான் வீட்டுக்குக் கொண்டாந்தேன்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மாடியிலிருந்து பிள்ளையும் அதே அழைப்பில் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. நான் ஃபோன் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நாலு வரைதான் எண்ணினேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் லாரியைத் தொடவில்லை. இப்போது வீட்டுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஜாகா வேலை, கேட்டுக்குக் காவல். உன் திதிக்குப் போகும்போதெல்லாம் வந்தவர்களிடம் ஃபோனை எடுத்துக் காட்டுவார், உன் அந்தத் திங்கட்கிழமை முடிவை. "திங்கக்கிழமை அவளுக்குச் சுத்தமா இல்ல. வியாழக்கிழமை எனக்கு இருமல். கணக்கு சரியா வருதா இல்லையா?" என்பார். கணக்கு சரியாகத்தான் வரும். பிள்ளை உள்ளே எழுந்து போய்விடுவாள். நாலு வருடமாக அவரிடம் சாப்பாடு, பள்ளிக்கூடம், பேருந்து, இதற்குமேல் அவள் பேசுவதில்லை. அம்மாவைக் கொன்றவன் நான் என்று ஒரு மனிதர் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தால், பதினொரு வயதுப் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்?

இப்போது சண்டைக்கு வருகிறேன். அந்த R-ஐ ஏன்டி அடித்தாய்? ஆள் கோடு தாமதமாக எழுந்ததைப் பார்த்திருக்கிறாய். அது உன் எண் என்றும் உனக்குத் தெரியும். பேனாவை எடுத்து R என்று சரியாக எழுதியும் இருக்கிறாய். அப்புறம் என் பெயரைப் பார்த்தாயா? மூன்றாவது கடிதம் நினைவுக்கு வந்ததா? தொண்டை கரகரப்பு ஏர்கோன்தானே, அடுத்த திங்கள் எப்படியும் எடுப்பார்களே என்று நினைத்தாயா? ஊரில் யாருக்கும் நீ அப்படிச் செய்ததில்லை. அந்தச் செட்டியாருக்குச் செய்யவில்லை, சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யவில்லை. உனக்கு மட்டும் செய்தாய், எனக்காகச் செய்தாய். யாரைக் கேட்டுச் செய்தாய்? வேலை போனால் நான் நாசி லெமாக் சோறு விற்றுப் பிழைத்திருப்பேன். சாமான் அறையில் தரையில் உட்கார்ந்து உன்னைத் திட்டித் தீர்த்தேன். இவ்வளவு கோபம் எனக்கு உன்மேல் உயிரோடு இருக்கும்போதுகூட வந்ததில்லை.

கோபம் அடங்கினதும் ஒன்று புரிந்தது. அந்தத் தாள், உனக்குத் தொற்று இல்லை என்று சொல்லவே இல்லை. தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறது. அண்ணன் நாலு வருடமாகக் கையில் பிடித்திருக்கிற ஆதாரம் ஆதாரமே இல்லை. வெள்ளிக்கிழமை லாரி வந்து போய்விட்டால், அதை அவருக்குக் காட்ட உலகத்தில் எதுவும் மிஞ்சாது. அதனால்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்று பினாங்குப் பாலம் தாண்டும்போது இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். பிள்ளை டியூஷனுக்குப் போயிருந்தாள். அண்ணன் கோப்பி கலக்கிக் கொடுத்தார். மேசையில் தாளை விரித்து வைத்துச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. நாலு வரை எண்ணியது, ஆள் கோடு, R, அதை நீ அடித்தது. மூன்று கடிதம் என்ற விதியையும் சொன்னேன். அவர் இரண்டு கோடு பற்றி மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். அப்புறம் ஃபோனை எடுத்து அந்த முடிவைத் திறந்து தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ திங்கக்கிழமையே அவளுக்கு இருந்துச்சா?"

"தெரியாதுண்ணே. இருந்திருக்கலாம். இல்லேன்னு சொல்ல முடியாது. உங்களுக்குத்தான் அவகிட்டேருந்து வந்திருக்கலாம்."

"இது சரியில்லன்னு அவளுக்குத் தெரியுமா, அடிக்கிறப்போ?"

"தெரியும்ண்ணே."

"உனக்காகவா?"

"எனக்காகத்தான்."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து பின்னால் போனார். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

"பிள்ளைக்குத் தெரிய வேணாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணே, அவளுக்குச் சொல்றதுக்குத்தான் இத எடுத்துக்கிட்டு வந்தேன். அவ உங்க மூஞ்சியப் பார்க்கிறதில்ல. இனிமே பார்ப்பா இல்ல?"

"பார்ப்பா. அப்புறம் அவ அம்மாவ எப்படிப் பார்ப்பா?" என்றார். குரல் உயரவே இல்லை. "அவ அம்மா வேலையில ஒரு தப்பு விட்டதில்லன்னு சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கேன். அவளும் அதே படிப்புத்தான் படிக்கணும்னு நிக்கிறா. எம்மேல கோபப்படட்டும்மா. நான் உசுரோட இருக்கேன், சமாளிச்சுக்குவேன். செத்துப்போனவ மேல கோபம் வந்தா, அவ எங்கேருந்து வந்து சமாதானம் சொல்லுவா?"

தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். "உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அதற்குள் கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

உன் மகள் வளர்ந்துவிட்டாள். உன் உயரம் வந்துவிட்டது. முகவாயைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கிற உன் பார்வையும் வந்துவிட்டது. "சித்தி சும்மா பார்க்க வந்தாங்க" என்றார் அண்ணன். அவள் அவரைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துச் சிரித்தாள். நான் கிளம்பியதும் கேட் வரை கூடவே வந்தாள். அண்ணன் வாசற்படியில் நின்றிருந்தார். அவருக்குக் கேட்கிற தூரம்தான்.

"சித்தி, ஒண்ணு கேக்கணும். அம்மாவோட திங்கக்கிழமை டெஸ்ட் அப்பா ஃபோன்ல இருக்கே, நெகட்டிவ்னு. சில நேரம் அது தப்பாவும் வருமாம், பயோலஜி டீச்சர் சொன்னாங்க. அது நிச்சயந்தானா? ஏன்னா அது நிச்சயம் இல்லேன்னா, அப்பா..." கேட்டின் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

எனக்கும் அண்ணனுக்கும், அவள் அவரை வெறுக்கிறாள் என்றுதான் தெரிந்திருந்தது. மன்னிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று.

"நிச்சயந்தாம்மா" என்றேன். "உங்கம்மாவே பார்த்து அனுப்பினது."

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். சரி என்று தலையாட்டினாள். திரும்பிப் போய், படியில் நின்றவர் மேல் படாமல் ஒதுங்கி உள்ளே போனாள். அண்ணன் எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உனக்குத் தொற்று இல்லை என்கிற ஒரே முடிவை இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். முதல் முறை தெரியாமல், இரண்டாவது முறை தெரிந்தே. முதல் முறை உன்மேல் இருந்த பிரியத்தால். இந்த முறை யார்மேல் இருந்த பிரியத்தால் என்றுகூட எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. நான் மெத்தென்று நடந்துகொண்டபோதெல்லாம் யாருக்கோ கேடு வந்திருக்கிறது. அவளுக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடத்தில் அந்தப் படிப்புக்குப் போய்விடுவாள். போனதும் ஆள் கோடு என்றால் என்ன என்று தெரிந்துகொள்வாள். அன்றைக்கு வந்து என்னிடம் திரும்பக் கேட்பாள், உன் மகள் கேட்காமல் விட மாட்டாள். அப்போது நான் யாருக்கு இரக்கம் காட்டப் போகிறேன் என்று நினைத்தால், எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது.